ஹோமருக்கு வரவேண்டிய போனஸ்

2025 ஜூன் மாதம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அக்கா போன் செய்தாள். எடுத்ததும் வேறு பேச்சே இல்லை. "டேய், மார்ஜ் செத்துட்டாளாம்டா" என்றாள்.

எந்த மார்ஜ் என்று கேட்க வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் பக்கத்து அறையில் இருந்த அம்மா பதறியடித்து எழுந்து வந்து, "யாருடா போயிட்டா? யாரு?" என்று கேட்க, கார்ட்டூனில் வருகிற ஒரு அம்மா என்று நான் சொல்ல, அதற்குப் பிறகு அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

விஷயம் இதுதான். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் 36-வது சீசன் 2025 மே 18 அன்று முடிந்தது. அந்தக் கடைசி எபிசோட் முப்பத்தைந்து வருடம் முன்னால் தாவுகிறது. அங்கே மார்ஜ் உயிரோடு இல்லை. ஹோமர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பார்ட்டும் லிசாவும் பேசிக்கொள்வதே இல்லை. ஏன் பேசுவதில்லை என்றால் பெரிய சொத்துத் தகராறு எல்லாம் இல்லை. சின்ன வயதில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த 'இச்சி அண்ட் ஸ்கிராட்சி' கார்ட்டூனைப் பார்ப்பதை ஒருநாள் விட்டுவிட்டார்கள். அங்கே ஆரம்பித்த விலகல். கடைசியில் அம்மா விட்டுச்சென்ற ஒரு செய்திதான் இருவரையும் திரும்பச் சேர்த்துவைக்கிறது.

இணையத்தில் ஒரே ஒப்பாரி. தயாரிப்பாளர் மேட் செல்மன் வந்து, எதிர்காலத்தைக் காட்டும் எபிசோடுகள் எல்லாம் வெறும் கற்பனை, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், மார்ஜ் நன்றாகத்தான் இருக்கிறாள் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த சீசனில் மார்ஜ் வழக்கம்போல நீல முடியோடு சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்று அக்காவும் நானும் ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். இந்தத் தொடர் முடிய வேண்டும், அதுவும் ஒழுங்காக முடிய வேண்டும் என்பது என் கட்சி. முடியவே கூடாது என்பது அவள் கட்சி. அந்தச் சண்டையின் மிச்சம்தான் இது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1987 ஏப்ரலில், 'தி டிரேசி உல்மன் ஷோ' என்ற நிகழ்ச்சியின் நடுவே வரும் ஒரு நிமிடத் துணுக்குகளாக இந்தக் குடும்பம் பிறந்தது. மேட் கிரேனிங் என்ற கார்ட்டூனிஸ்ட் தன் அப்பா, அம்மா, தங்கைகளின் பெயர்களையே ஹோமர், மார்ஜ், லிசா, மேகி என்று வைத்துவிட்டார். தன் பெயரை மட்டும் வைக்காமல் பார்ட் என்று மாற்றிக்கொண்டார் (விவரமான ஆள்). ஜேம்ஸ் எல். புரூக்ஸ், சாம் சைமன் இருவரும் சேர்ந்து அதை அரைமணி நேரத் தொடராக்க, 1989 டிசம்பர் 17 அன்று ஃபாக்ஸ் சேனலில் முதல் எபிசோட் வந்தது.

அந்த முதல் எபிசோடை நான் பார்த்தது 2020 தீபாவளி வாரத்தில். ஊரடங்குக் காலம். அக்காவுக்குக் கல்லூரி இல்லை, எனக்குப் பள்ளி இல்லை, ஒரே போன், ஹாட்ஸ்டார் கணக்கு யாருடையது என்பது ரகசியம். அப்பா வேலை பார்த்த இடத்தில் அந்த வருடம் இரண்டு மாதம் பாதிச் சம்பளம், தீபாவளி போனஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா அதை வீட்டில் சொல்லாமல் மூன்று நாள் வைத்திருந்தார்.

கதை இப்படிப் போகும். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. ஹோமர் வேலை பார்க்கும் அணுமின் நிலையத்தின் முதலாளி பர்ன்ஸ், இந்த வருடம் உங்களுக்கெல்லாம் போனஸ் கிடையாது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். பரவாயில்லை, மார்ஜ் ஜாடியில் சேர்த்துவைத்த காசு இருக்கிறது என்று ஹோமர் வீட்டுக்கு வந்தால், பார்ட் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்க, அதை அழிக்கவே அந்தக் காசு முழுக்கப் போய்விட்டது. ஹோமர் போனஸ் விஷயத்தை மறைத்துவிட்டு, ஒரு வணிக வளாகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடப் போகிறார். சம்பள நாள் வருகிறது. இன்ஷூரன்ஸ் பிடித்தம், பயிற்சிக் கட்டணம், உடைக்குப் பிடித்தம், தாடி வாடகைக்குப் பிடித்தம் எல்லாம் போக, காசோலையில் 13 டாலர்.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பின்னால் நின்றுகொண்டு அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு அந்த ஆங்கில உச்சரிப்பு புரியாது. "பிடித்தம் போக எவ்வளவு வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பதின்மூன்று என்றாள் அக்கா. அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த வருடம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்று ராத்திரிதான் போனஸ் வராததை அம்மாவிடம் சொன்னார்.

அந்த 13 டாலரை நாய்ப் பந்தயத்தில் கட்டி, கட்டிய நாய் கடைசியாக வந்து, அந்த நாயையும் அதன் சொந்தக்காரன் துரத்திவிட, ஹோமர் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். கிறிஸ்துமஸ் பரிசு என்று குழந்தைகள் குதிக்கிறார்கள். அந்த நாய் இன்றும் அதே வீட்டில் இருக்கிறது. பந்தய நாய் இனம், சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். இது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டில் காலம் நகராது. பார்ட்டுக்கு 10 வயது, லிசாவுக்கு 8, மேகிக்கு 1. முதல் எபிசோடில் பத்து வயதாக இருந்தவனுக்கு இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அதாவது அப்பாவை விட மகன் மூத்தவன். இந்தச் சிக்கலை அவர்கள் சமாளிக்கும் விதம் வேடிக்கையானது. 1991-இல் வந்த எபிசோடில் ஹோமரும் மார்ஜும் பள்ளியில் சந்தித்த வருடம் 1974. 2008-இல் வந்த இன்னொன்றில் அவர்கள் தொண்ணூறுகளின் இளம் காதலர்கள். நாம் முன்னால் நடக்க, அவர்களுடைய இறந்தகாலம் நம் பின்னாலேயே ஓடி வருகிறது.

ஜப்பானில் இதற்கும் மூத்தது ஒன்று இருக்கிறது. 'சசாயே-சான்' என்ற குடும்பக் கார்ட்டூன், 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலைதோறும் ஓடுகிறது. அதை வரைந்த மச்சிகோ ஹசெகாவா 1974-இல் பத்திரிகையில் வரைவதை நிறுத்திவிட்டார், 1992-இல் காலமானார். தொடர் நிற்கவில்லை. ஞாயிறு மாலை அது முடிந்ததும் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே என்று வரும் சோர்வுக்கு ஜப்பானியர்கள் அந்தத் தொடரின் பெயரையே வைத்துவிட்டார்களாம். இதற்கு நேர் எதிர் 'பீனட்ஸ்'. சார்லஸ் ஷுல்ஸ் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் தானே வரைந்தார், தனக்குப் பிறகு வேறு யாரும் வரையக்கூடாது என்றார். 2000 பிப்ரவரி 12 ராத்திரி இறந்தார், கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் மறுநாள் காலை பத்திரிகையில் வந்தது. அப்படி ஒரு முடிவை யாரும் திட்டமிட முடியாது.

சிம்ப்சன்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது முடிவின் வாசல் வரை போய்த் திரும்பியது ஒரு முறை இல்லை. போன ஒவ்வொரு முறையும் காரணம் கதை இல்லை, கணக்கு.

1998-இல் ஆறு முக்கியக் குரல் நடிகர்கள் எபிசோடுக்கு 30,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதிகம் கேட்டதும், வேறு குரல்களைத் தேடிக்கொள்கிறோம் என்று ஃபாக்ஸ் மிரட்டிப் பார்த்தது. கடைசியில் 1,25,000-க்கு ஒப்புக்கொண்டது. அந்த ஆறு பேருக்கு வெளியே இருந்தவர்களுக்கு இந்தப் பலம் இல்லை. மாட் ஃபிளாண்டர்ஸுக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல் டென்வரிலிருந்து விமானத்தில் வந்து போய்க்கொண்டிருந்தார். செலவு கட்டவில்லை, கூட்டிக் கொடுங்கள் என்றார். கேட்டது கிடைக்கவில்லை, விலகிவிட்டார். 2000 பிப்ரவரியில் மாட் ஃபிளாண்டர்ஸ் கதைக்குள் செத்துப்போனாள். பயணப்படித் தகராறில் ஒரு பாத்திரம் இறந்த கதை வேறெங்காவது உண்டா? (பிற்பாடு ராஸ்வெல் திரும்பி வந்தார். மாட் வரவில்லை.)

2011 தான் உண்மையான கண்டம். அந்த அக்டோபரில், இப்போதைய செலவில் தொடரை நடத்த முடியாது என்று ஃபாக்ஸ் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நடிகர்கள் அப்போது எபிசோடுக்குச் சுமார் 4,40,000 டாலர் வாங்குவதாகவும், அதில் 45 சதவீதத்தைக் குறைக்கச் சொல்வதாகவும் செய்தி. இன்னொரு பக்கம், முடித்தால்தான் லாபம் என்றுகூடச் சிலர் கணக்குப் போட்டார்கள். பழைய ஒப்பந்தத்தின்படி, தொடர் ஓடிக்கொண்டிருக்கும் வரை பழைய எபிசோடுகளைக் கேபிள் சேனல்களுக்கு விற்க முடியாதாம். உயிரோடு இருப்பதாலேயே நஷ்டம்! எங்கள் வகுப்பில் யாராவது இதைக் கேள்வித்தாளில் கொடுத்தால் நான் சந்தோஷமாகப் பதில் எழுதுவேன்.

கடைசியில் நடிகர்கள் சுமார் 30 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள், தொடர் பிழைத்தது. ஆனால் பிழைக்காமல் போனால் என்ன செய்வது என்று எழுத்தாளர்கள் ஒரு முடிவைத் தயாராக வைத்திருந்தார்கள். அந்த எபிசோட் 2011 டிசம்பர் 11 அன்று சாதாரண எபிசோடாகவே ஒளிபரப்பானது. முப்பது வருடம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ். பார்ட்டுக்கு விவாகரத்து ஆகி, இரண்டு பையன்கள். லிசாவுக்கு அவள் பேச்சைக் கேட்காத ஒரு மகள். ஹோமர் குடியை விட்டுவிட்டு, நல்ல தாத்தாவாக இருக்கிறார். ராத்திரி பார்ட்டும் லிசாவும் பழைய மரவீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, குடித்தபடி, பிள்ளை வளர்க்கத் தெரியவில்லையே என்று புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால் அதிலேயே முடித்திருக்கலாம். அக்காவுக்கும் அந்தக் காட்சி பிடிக்கும். ஆனால் அவள் சொல்கிற காரணம் வேறு: "அதுக்கப்புறமும் கதை வந்துச்சுல்ல, அதனாலதான் பிடிக்குது."

அதற்குப் பிறகு கணக்கு மொத்தமாக மாறிவிட்டது. 2013-இல் பழைய எபிசோடுகளின் உரிமையை எஃப்எக்ஸ்எக்ஸ் சேனல் வாங்கியது, சுமார் 75 கோடி டாலர் என்று சொன்னார்கள். 2014 ஆகஸ்டில் அதுவரை வந்த 552 எபிசோடுகளையும் பன்னிரண்டு நாள் இடைவிடாமல் ஓட்டினார்கள். 2018 ஏப்ரலில் 'கன்ஸ்மோக்' என்ற பழைய கௌபாய் தொடரின் 635 எபிசோட் சாதனை உடைந்தது. 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் ஸ்டூடியோவை டிஸ்னி வாங்கியது, ஆனால் ஃபாக்ஸ் சேனல் டிஸ்னிக்குப் போகவில்லை. ஆகவே இன்று தயாரிப்பவர் ஒருவர், ஒளிபரப்புபவர் இன்னொருவர், இருவருக்கும் இது வேண்டும். 2025 ஏப்ரலில் ஒரே மூச்சில் நான்கு சீசன்களுக்கு நீட்டித்து, 2028-29-இல் வரும் 40-வது சீசன் வரைக்கும் உறுதி செய்துவிட்டார்கள். 2027-க்கு இரண்டாவது திரைப்படமும் அறிவித்திருக்கிறார்கள்.

அக்கவுண்டன்சியில் கோயிங் கன்சர்ன் என்று முதல் பாடத்திலேயே வரும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நிறுவனத் தொடர்ச்சி. ஒரு நிறுவனம் முடிவில்லாமல் நடக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் அதன் கணக்கை எழுத வேண்டும். நாளைக்கே மூடப்போகிறோம் என்று எழுதினால் ஒவ்வொரு சொத்தின் மதிப்பும் மாறிவிடும். சிம்ப்சன்ஸை அப்படித்தான் எழுதுகிறார்கள். 2024 செப்டம்பரில் 36-வது சீசனின் முதல் எபிசோடையே, இதுதான் தொடரின் கடைசி எபிசோட் என்று சொல்லி ஆரம்பித்தார்கள். பழைய எழுத்தாளரான கோனன் ஓ'பிரையன் மேடையில் வந்து, முடிவைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து எழுத வாங்கினோம் என்கிறார். பார்ட்டுக்குப் பதினோராவது பிறந்தநாள். பர்ன்ஸ் இறக்கிறார், மோவின் மதுக்கடை மூடப்படுகிறது, எல்லாருடைய கதையும் அழகாக முடிந்துகொண்டே வருகிறது. பார்ட் மட்டும் மிரண்டுபோகிறான். எதுவும் மாற வேண்டாம் என்று அந்தப் பையன் கத்துவது நகைச்சுவைதான், ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மொத்த முடிவுகளையும் கேலி செய்தாகிவிட்டது. இனி நிஜமாக முடிக்கும்போது என்ன செய்வார்கள்?

முடிக்காமலே இருக்கலாமே என்பாள் அக்கா. அதற்கு என் பதில்: குரல்கள்.

வரைந்த உருவத்துக்கு வயதாகாது, பேசுகிறவர்களுக்கு ஆகும். மார்ஜாகப் பேசும் ஜூலி கேவ்னர் பிறந்தது 1950-இல். பர்ன்ஸ் குரலான ஹாரி ஷியரர் 1943. ஹோமரின் டான் காஸ்டெல்லனெட்டாவும் பார்ட்டின் நான்சி கார்ட்ரைட்டும் 1957. பழைய எபிசோடையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், மார்ஜின் குரலில் கரகரப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும். பில் ஹார்ட்மன் 1998-இல் இறந்தபோது அவர் பேசிய இரண்டு பாத்திரங்களையும் நிறுத்திவிட்டார்கள். பார்ட்டின் டீச்சருக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013-இல் இறந்தார். தொடரின் ஆரம்பத்தில் பார்ட் எப்போதும் கரும்பலகையில் தண்டனையாக ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவான் அல்லவா? அந்த வாரம் ஒரே ஒரு வரிதான் எழுதினான், உங்களை நிஜமாகவே நினைத்து ஏங்குவோம் என்று. 2024-இல் மில்ஹவுஸின் குரலான பமேலா ஹேடன் ஓய்வு பெற்றார், அங்கே வேறொருவரை வைத்துக்கொண்டார்கள். மில்ஹவுஸுக்குச் சரி. மார்ஜுக்கு? ஹோமருக்கு? யாராவது ஒருவர் இல்லாமல் போய், அவசர அவசரமாக ஒரு முடிவை எழுதுவதைவிட, எல்லாரும் இருக்கும்போதே உட்கார்ந்து முடிப்பது மரியாதை என்று நினைக்கிறேன்.

எப்படி முடிப்பது? நீண்டகாலம் தொடரை நடத்திய அல் ஜீன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். கடைசிக் காட்சியில் குடும்பம் கிறிஸ்துமஸ் விழாவுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது, அது முதல் எபிசோடின் முதல் காட்சி. வட்டம் முடிந்து மறுபடி ஆரம்பிக்கும். கேட்டதும் அபாரம் என்று தோன்றியது. பிறகு யோசித்தால், முதல் எபிசோட் மறுபடி ஆரம்பித்தால் என்ன நடக்கும்? பர்ன்ஸ் மறுபடி ஒலிபெருக்கியில் பேசுவார். ஹோமர் மறுபடி 13 டாலர் வாங்குவார். இது எனக்கு ஆகாது.

எனவே என்னுடைய முடிவு. அமெரிக்காவில் அணு உலைகளுக்கு முதலில் 40 வருடத்துக்குத்தான் உரிமம் கொடுப்பார்கள், பிறகு இருபது இருபதாக நீட்டிக்கலாம். 40-வது சீசன். ஸ்பிரிங்ஃபீல்ட் அணுமின் நிலையத்தின் உரிமம் முடிகிறது. நீட்டிக்கக் கட்டணம் கட்ட வேண்டும் என்றதும் கஞ்சன் பர்ன்ஸ், வேண்டாம் மூடிவிடு என்கிறார். மூடுவதென்றால் கணக்கை முடிக்க வேண்டும். ஆடிட்டர்கள் வருகிறார்கள். (ஹீரோ ஆடிட்டர்தான், நான் வேறு என்ன எழுதுவேன்?) கோயிங் கன்சர்ன் இல்லையென்று ஆனதும், ஒத்திப்போட்ட பொறுப்புகள் எல்லாம் வெளியே வந்துதானே ஆக வேண்டும். ஏதோ ஒரு மேசையின் கீழ் அறையில், கொடுபட வேண்டிய செலவு என்று எழுதி மறந்துபோன ஒரு பதிவு கிடைக்கிறது. 1989 கிறிஸ்துமஸ் போனஸ், ஹெச். சிம்ப்சன்.

ஹோமர் தன் மேசையைக் காலி செய்கிறார். 1995-இல் வந்த ஒரு எபிசோட் ஞாபகம் இருக்கும். வேலையை விட்டுப் போய்த் திரும்பிவந்து கெஞ்சும் ஹோமருக்கு எதிரே, நீ என்றைக்கும் இங்கேதான் என்று பர்ன்ஸ் ஒரு பலகை மாட்டிவைப்பார். ஹோமர் அதன் எழுத்துகளை மேகியின் புகைப்படங்களால் அங்கங்கே மறைத்து, மிச்ச எழுத்துகள் அவளுக்காகச் செய் என்று படிக்கும்படி ஆக்கியிருப்பார். அந்தப் படங்களை இப்போது ஒவ்வொன்றாக உரித்து எடுக்கிறார். பலகையைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வருகிறார், கையில் கவர்.

தொகை பெரிதாக இருக்கக்கூடாது. 1996-இல் ஒரு எபிசோடில் ஹோமரின் சம்பளச் சீட்டைக் காட்டுவார்கள், வாரத்துக்கு 479 டாலர் சொச்சம். அந்தச் சம்பளத்தில் சொந்த வீடு, இரண்டு கார், மூன்று குழந்தைகள். இன்று அது நடக்காது என்பதை அவர்களே 2022-இல் ஒரு எபிசோடாக எடுத்தார்கள், அப்பா மாதிரி வாழவே முடியாது என்று பார்ட் தெரிந்துகொள்ளும் கதை. அதனால் போனஸும் அந்தக் கால அளவுக்குத்தான் இருக்கும், வட்டி கிடையாது. ஒரு நாள் சமையலுக்கும் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு பொருளுக்கும் போதும். ஹோமர் அதைப் பந்தயத்தில் கட்டப்போகிறார் என்று நாம் பயப்பட வேண்டும், அந்த மைதானத்தின் வாசலில் காரை நிறுத்தவும் வேண்டும். நிறுத்திவிட்டு, கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து மார்ஜிடம் கொடுக்கிறார். மார்ஜ் அதை ஜாடியில் போடுகிறாள்.

மறுநாள் காலை பார்ட் பள்ளிக்குக் கிளம்புகிறான். டவுசர் இறுக்குகிறது. மார்ஜ் அவனைக் கதவு நிலையோடு நிற்கவைத்து, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போடுகிறாள். நிலையில் ஏற்கெனவே ஒரே ஒரு கோடுதான், முப்பத்தொன்பது தடவை ஒரே இடத்தில் போட்டுப்போட்டுத் தடித்துப்போன கோடு. புதுக் கோடு அதற்கு அரை அங்குலம் மேலே விழுகிறது. மார்ஜ் இரண்டு முறை பார்க்கிறாள். பஸ் ஹாரன் அடிக்கிறது, பையன் ஓடுகிறான். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பிக்கலாம்.

இதைப் போன வாரம் அக்காவிடம் முழுசாகச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவளை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்போ நாய்?" என்றாள்.

"எந்த நாய்?"

"பார்ட் வளர ஆரம்பிச்சுட்டான்னா நாய்க்கும் வயசாகும்ல? அதுக்கு ஏற்கெனவே என்ன வயசு? அதைச் சொல்லு முதல்ல."